இரண்டு சத்தம் போடும் கிளிப்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று நான் சொல்லாதவை இரண்டு. முதலாவது: "சார், அந்தக் கிளிப் என்னுடையது." இரண்டாவது: "சார், அந்தக் கால் குட்டையாக இருப்பது பிழை இல்லை."

சொன்னவை: "குட் மார்னிங் சார்." "சரி சார்." மறுபடியும், "சரி சார்."

புது நோட்டு என்பதால் முறைப்படி எல்லாவற்றையும் அறிமுகப்படுத்திவிடலாம். ஒரகடத்தில் எங்கள் கம்பெனி கார் கதவின் உட்பலகைகளைச் செய்கிறது. வடிவமைப்புப் பிரிவின் தலைவர் சௌந்தரபாண்டியன் சார். அவர் பெயரில் இருபத்திரண்டு காப்புரிமைகள். சான்றிதழ்களைச் சட்டம் போட்டு, வரிசைக்குப் பதினொன்றாக இரண்டு வரிசை மாட்டியிருக்கிறார். இருபத்து மூன்றாவது வந்தால் வரிசை கோணலாகிவிடும், அதனால் இருபத்து நான்காவதும் சீக்கிரம் வேண்டும் என்பது அவர் கவலை. நடுவகிடு எடுப்பவர். சட்டைப் பையில் பேனாகூட இரண்டு.

இனி கிளிப். உட்பலகையை இரும்புக் கதவோடு பிடித்து நிறுத்துவது விரல்நுனி அளவு பிளாஸ்டிக் கிளிப்கள், கதவுக்குப் பத்து. பலகையை வைத்து உள்ளங்கையால் குத்த வேண்டும். இறங்கியதா இல்லையா என்று தெரியாததால் மறுபடியும் குத்த வேண்டும். என் கிளிப்புக்கு இரண்டு கால்கள், ஒன்று மற்றதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் குட்டை. லேசாக அழுத்தினால் நெட்டைக் கால் முதலில் மாட்டும்: டக். பலகை தானாகத் தொங்கும். கையை எடுத்து ஒயரைச் செருகிவிட்டு இன்னொரு அழுத்து. குட்டைக் காலும் மாட்டும்: டக். பூட்டியாயிற்று.

பதினோரு மணிக் கூட்டத்தில் சார் இதைத் திரையில் போட்டு, "இது ரொம்ப நாளா என் மண்டையில ஓடிட்டிருந்தது" என்றார். பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"யாரும்மா வரைஞ்சது? ஒரு கால் குட்டை, ஒரு கால் நெட்டை. நொண்டிக் கொக்கு மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"சமமாக்கிடுங்க, சுபத்ரா."

"சரி சார்."

பிப்ரவரி 4, செவ்வாய்

நியாயமாக எழுத வேண்டும் என்றால், சார் பொய்யர் இல்லை. எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. வரைபடத்தின் மூலையில் உள்ள கட்டத்தில் வரைந்தவர் பெயர் இருக்காது. 'அப்ரூவ்ட்' என்ற இடத்தில் சாரின் கையெழுத்து மட்டும் இருக்கும். வரைந்த மூன்றாம் வாரத்தில் அந்தக் கையெழுத்தை அவரே பார்ப்பார், தன் எழுத்தைத் தானே அடையாளம் கண்டு மகிழ்வார். தாம் ஒப்பமிட்டதெல்லாம் தம் மண்டையிலிருந்து வந்ததென்று மனதார நம்புகிறார். கோயில் சுவரில் ராஜா பெயர்தான் இருக்கிறது, கல் தூக்கியவன் பெயர் இல்லை. ஆனால் ராஜாவாவது தூணைச் சமமாக்கச் சொல்லிக் கோபுரத்தைச் சாய்க்கவில்லை.

கிளிப் பிறந்தது டிசம்பரில். மாதிரிக் கதவுகள் வைத்திருக்கும் சோதனை அறையில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே பலகை மாட்டிப் பார்க்கிறவர் ஜெபராணி அக்கா. அன்றும் ஏதோ புலம்பிக்கொண்டிருந்தார், கை போதவில்லை என்று. மாலை பஸ்ஸில் எனக்குச் சட்டென்று தோன்றியது. மறுநாள் ஒரு பழைய கிளிப்பின் காலை வெட்டிப் பார்த்தேன். வேலை செய்தது. யோசனைகள் எங்கிருந்து வருகின்றன என்பது வியப்பான விஷயம்.

பிப்ரவரி 5, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. சமமாக்கிவிட்டேன். கிளிப்பின் காலை.

பிப்ரவரி 10, திங்கள்

காப்புரிமை விண்ணப்பங்களுக்கு முதல் வரைவு எழுதுவதும் நான்தான். என் ஆங்கிலம் நன்றாக இருக்கிறதாம். சார் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். கீழ்ப்படிதலில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மூன்று மணிக்குக் காப்புரிமை முகவர் கோதண்டராமன் கூப்பிட்டார். மயிலாப்பூரில் அலுவலகம் வைத்திருக்கிற, அவசரமே படாத மனிதர்.

"மேடம், படத்துல ரெண்டு காலும் ஒரே நீளம். அப்புறம் எப்படி ரெண்டு சத்தம் வரும்?"

"கண்டுபிடிச்சவரைக் கேக்கறதுதான் முறை சார்."

"எழுதினது நீங்கதானே?"

"அவர் சொன்னதை எழுதினேன் சார்."

"ஓஹோ" என்றார். அந்த ஓஹோவில் முப்பது வருட அனுபவம் இருந்தது.

சாருக்கு இணைப்பைக் கொடுத்தேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது. "கதவுங்கிறது உள்ளே காலியான பெட்டி, கோதண்டராமன். முதல் சத்தம் கிளிப்போடது. ரெண்டாவது அதோட எதிரொலி."

"அப்படியே எழுதிடட்டுமா சார்?"

"தாராளமா."

பதினான்காம் பத்தியில் அதைச் சேர்த்தேன். இதுவரை நான் தட்டச்சு செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அதுதான். இதிலெல்லாம் எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

பிப்ரவரி 12, புதன்

மதியம் சோதனை அறைக்குப் போனேன். ஜெபராணி அக்கா நாசரேத் பக்கம். இப்போது வீடு வாலாஜாபாத்தில். நாற்பத்தொரு வயது, ஒப்பந்த ஊழியர். வருடா வருடம் மார்ச் முப்பத்தொன்றில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். நான் டிசம்பரில் கையால் வெட்டிக் கொடுத்த கிளிப்களை இன்னும் வைத்துக்கொண்டு மாட்டிப் பழகிக்கொண்டிருக்கிறார். முதல் டக்கில் கையை எடுத்துவிடுகிறார், பார்க்காமலே.

"என்னட்டி, ஒங்க சாரு இதை அவரு பேருல எழுதிட்டாராமே?"

"ஆமாக்கா."

"நீ என்ன சொன்ன?"

"சரி சார்னு சொன்னேன்."

"ஒனக்கு வாயில எத்தனை கிளிப்பு போட்டிருக்கு?"

"பத்துதான். கதவுக்குப் போடுற அதே கணக்கு."

சிரித்தார். "நான் சொன்னாப்புல ரெண்டு சத்தமும் எப்படிக் கேக்கு பாரு" என்று இன்னொரு பலகையைத் தொங்கவிட்டார். அக்கா எதையும் 'நான் சொன்னாப்புல' என்றுதான் ஆரம்பிப்பார். மழைகூட அவர் சொன்னபடிதான் பெய்யும்.

பிப்ரவரி 15, சனி

விண்ணப்பம் பதிவாகிவிட்டது. கண்டுபிடிப்பாளர்: சௌந்தரபாண்டியன், ஒருவர் மட்டும். சார் எல்லோருக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்தார். எனக்கு இரண்டு.

அம்மா கேட்டாள்: "எதுக்குடி ஸ்வீட்டு?"

"சார் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கார்."

"நீ ஒண்ணும் கண்டுபிடிக்க மாட்டியா?"

"பாதுஷா நல்லா இருக்கும்மா, சாப்பிடு."

பிப்ரவரி 23, ஞாயிறு

நூலகத்திலிருந்து எடுத்துவந்த துருவப் பயணப் புத்தகத்தை முடித்தேன். பனியில் தவறான திசையில் போகிறோம் என்று ஒருவனுக்குத் தெரிந்திருக்கிறது. தலைவனிடம் சொல்லவில்லை. நாட்குறிப்பில் மட்டும் எழுதிவைத்திருக்கிறான். மடையன் என்று நினைத்தேன். பிறகு கறிவேப்பிலை வாங்கப் போனேன்.

பிப்ரவரி 26, புதன்

புது அச்சில் வார்த்த கிளிப்கள் வந்துவிட்டன, இரண்டு கால்களும் சமமாக. யாரும் இல்லாதபோது ஒன்றை மாட்டிப் பார்த்தேன். லேசாக அழுத்தினால் ஒன்றும் மாட்டவில்லை. பலமாக அழுத்தினால் ஒரே டக். எதிரொலியும் வரவில்லை, காது கொடுத்துக் கேட்டேன்.

நாளை கார் கம்பெனியிலிருந்து மூன்று பேர் சோதனை பார்க்க வருகிறார்கள். சார் புதுச் சட்டை வாங்கியிருக்கிறாராம்.

எனக்குக் கொஞ்சம் ஆவலாக இருக்கிறது என்பதை இங்கே மட்டும் எழுதலாம்.

பிப்ரவரி 27, வியாழன்

பலகை விழுந்தது.

சார் வந்தவர்களிடம் விளக்கினார்: முதல் சத்தம், தொங்கும், கை விடுதலை. ஜெபராணி அக்கா புதுக் கிளிப்கள் செருகிய பலகையைத் தூக்கி, வழக்கம்போல் லேசாக அழுத்தி, வழக்கம்போல் கையை எடுத்துவிட்டு ஒயரைப் பிடிக்கத் திரும்பினார். பலகை அவர் வலது காலில் விழுந்தது. பாதுகாப்பு ஷூ போட்டிருந்ததால் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. விரல் நகம் கறுத்துவிட்டது.

வந்தவர்களில் ஒருவர் கைபேசியில் ஏதோ குறித்துக்கொண்டார். சார் முகம் வெளிறிவிட்டது. "ஆபரேட்டர் சரியா அழுத்தலை" என்றார். நம்பித்தான் சொன்னார். மாலைக்குள் மனிதவளப் பிரிவிலிருந்து அக்காவுக்கு மெமோ: 'கவனக்குறைவு. ஒப்பந்தப் புதுப்பிப்பின்போது பரிசீலிக்கப்படும்.'

நான் எதிர்பார்த்த நாடகத்தில் விழ வேண்டியவர் வேறொருவர். அக்காவை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

முதலுதவி அறைக்குப் போனேன். காலைப் பனிக்கட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கிளிப்பு மாறியிருக்கு. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"எப்பருந்து?"

"மூணாம் தேதியிலிருந்து."

பனிக்கட்டியைக் காலில் நகர்த்திவைத்தார். "சரி" என்றார். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 28, வெள்ளி

எட்டரைக்கே சார் அறைக்குப் போனேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"சார், பலகை விழுந்தது அக்கா தப்பு இல்லை. கிளிப் தப்பு. அதை நான் சொல்லாம இருந்தது என் தப்பு."

"டிசைன் என்னோடதும்மா. நீங்க ஏன் சங்கடப்படறீங்க?"

"இல்ல சார். என்னோடது."

கணினியில் டிசம்பர் பதினொன்றாம் தேதிக் கோப்பைத் திறந்து காட்டினேன். யார் உருவாக்கியது என்று ஓரத்தில் இருக்கும், யாரும் பார்க்காத இடத்தில். நீண்ட நேரம் பார்த்தார்.

"இதுல என் கையெழுத்து இருக்கே?"

"அப்ரூவ்ட் கட்டத்துல சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நான் கொண்டுபோயிருந்த வெட்டிய கிளிப்பை வாங்கி, மேசைமேல் இருந்த தகட்டில் மாட்டினார். டக். கையை எடுத்தார், தொங்கியது. டக். கழற்றி மறுபடியும் மாட்டினார். ஒன்பது தடவை. அவர் முகத்தில் வந்தது அவமானமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். சந்தோஷம் மாதிரி இருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். "அன்னிக்கு நான் நொண்டிக் கொக்குன்னப்பவே ஏன் சொல்லலை?"

"தெரியலை சார்."

தெரியும். அவர் தவறுவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. முன்பக்கங்களில் கோபம் இல்லை என்று எழுதியிருப்பதை அடிக்கப்போவதில்லை, அப்படியே கிடக்கட்டும்.

சுவரில் இருந்த சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இதுல வேற ஏதாவது உங்களோடது இருக்கா?"

ஏழு. எண்ணிவைத்திருக்கிறேன்.

"பாத்து சொல்றேன் சார்."

என் முன்னாலேயே மனிதவளப் பிரிவைக் கூப்பிட்டு மெமோவைத் திரும்பப் பெறச் சொன்னார். கார் கம்பெனிக்கும் அவரே பேசினார், தவறு வடிவமைப்பில்தான் என்று. புது விண்ணப்பம் போடலாம், கண்டுபிடிப்பாளர் நான் என்றார். திரும்பிவரும்போது படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கினேன். யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 1, சனி

கண்டுபிடிப்பாளர் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பெயர், முகவரி எல்லாம் அழகான கையெழுத்தில். நான்காம் கேள்வி: 'இந்த எண்ணம் முதன்முதலில் எப்போது, எங்கே, யார் முன்னிலையில் உருவானது?' துல்லியமான தேதிக்காகப் பழைய நோட்டை எடுத்தேன்.

டிசம்பர் 10-ஆம் பக்கத்தில் என் கையெழுத்தில் இருப்பது: 'ஜெபராணி அக்கா இன்றும் புலம்பல். "ரெண்டு கை போதல பிள்ள. மொதச் சத்தத்துல பலகை சும்மா தொங்கணும். நான் ஒயரை மாட்டிக்கிடுவேன். அப்புறம் ஒரு தட்டு, ரெண்டாஞ் சத்தத்துல பூட்டணும். இப்படி ஒண்ணு செய்ய ஒங்களுக்கு வராதாக்கும்?" என்கிறார். பஸ்ஸில் தூங்கிவிட்டேன். இரவு சேமியா உப்புமா.'

இரண்டு முறை படித்தேன். சேமியா உப்புமா வரை.

மார்ச் 2, ஞாயிறு

வீட்டுத் திரைச்சீலைகளைத் துவைத்தேன். அம்மா, "யாராவது பொண்ணு பாக்க வராங்களா, எனக்குத் தெரியாம?" என்றாள்.

மார்ச் 3, திங்கள்

படிவம் எங்கே என்று சார் கேட்டார். நாளைக்கு என்றேன். குட்டைக் கால் என் யோசனைதான். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஒன்றரை மில்லிமீட்டர் என்று கண்டுபிடித்தது நான். எந்த இடத்தில் வளைய வேண்டும் என்று கணக்குப் போட்டதும் நான். என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும்தான் அக்கா சொன்னார்.

இந்த 'மட்டும்' என்ற சொல்லை இதே பாவனையில் சார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "நீங்க வரைஞ்சது மட்டும்தானேம்மா."

தலையணை உறைகளையும் துவைத்துவிட்டேன். வீட்டில் துவைக்க இனி எதுவும் இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

சாப்பாட்டு இடைவேளையில் சோதனை அறை. அக்கா காலை ஸ்டூலில் நீட்டியபடி டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். நெத்திலிக் கருவாடு. எதிரே உட்கார்ந்தேன்.

"அக்கா, டிசம்பர்ல நீங்க ஒண்ணு சொன்னீங்க. மொதச் சத்தத்துல தொங்கணும், ரெண்டாவதுல பூட்டணும்னு."

"ஆமா, சொன்னேன்."

"அது உங்க யோசனைதான். நான் அதை... என்னோடதுன்னே நினைச்சுட்டேன்."

ஒரு கருவாட்டை எடுத்துக் கடித்தார். "இப்பந்தான் தெரிஞ்சுதாக்கும்?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நான் சொன்னது எனக்குத் தெரியாதா? ஒங்க சாரு திருடிட்டாருன்னு நீ இங்க வந்து மூஞ்சைத் தூக்கி வச்சிருக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வரும்."

"ஏன்க்கா சொல்லல?"

"நீ மொதல்ல சார்ட்ட வாயத் திற, அப்புறம் நான் ஒன்ட்ட திறப்போம்னு வரிசையில நிக்கேன். நீ நகரவே மாட்டேங்க. என் கால்ல பலகை விழுந்த பொறவுதான் வரிசை நகருது."

மன்னிப்புக் கேட்டேன். கிளிப் விஷயத்துக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று இரண்டாக.

"கிளிப்பு கெடக்கு. காலுக்குக் கேட்ட பாத்தியா, அது நல்லா உறைக்கிற மாரி கேளு." மறுபடி கேட்டேன். "ம், பரவால்ல" என்று டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

நான் சைவம். ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கு இந்த நோட்டைப் படிக்கும் வழக்கம் கிடையாது என்று நம்புகிறேன்.

படிவத்தில் எழுதினேன்: கண்டுபிடிப்பாளர்கள், ஒன்று ஜெபராணி, இரண்டு சுபத்ரா. ஆங்கில அகரவரிசைப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அகரவரிசை என் பக்கம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

மார்ச் 6, வியாழன்

சார் படிவத்தைப் பார்த்தார். ஜெபராணி என்ற பெயரில் விரலை வைத்து, "அந்த ஆபரேட்டரா?" என்றார். ஆமாம் என்று டிசம்பர் பக்கத்தின் நகலைக் கொடுத்தேன், உப்புமாவை மறைத்து. படித்து முடித்தார். பிறகு நாற்காலியில் லேசாக அசைந்தார்.

"மூணாவதா என் பேரையும் போடலாமே?"

"எதுக்கு சார்?"

"ரெண்டு காலையும் சமமாக்கிப் பாத்தது நான்தானே. அதனாலதானே குட்டைக் கால் அவசியம்னு நிரூபணம் ஆச்சு?"

கிண்டல் இல்லை. முழு நம்பிக்கையோடு கேட்டார். கோதண்டராமனைத் தொலைபேசியில் பிடித்தோம். அவர் ஓஹோ என்றுவிட்டுச் சொன்னார்: "கண்டுபிடிப்பாளரா முடியாது சார். ஆனா ஒப்பீட்டுக்கு ஒரு உதாரணம் வேணும். கால் சமமா இருந்தா என்ன ஆகும்னு. உங்க விண்ணப்பத்தை எண்ணோட மேற்கோள் காட்டிடலாம்."

"என் விண்ணப்பத்தை மேற்கோள் காட்டுவாங்களா?"

"பத்தி எண் உட்பட."

சார் முகம் மலர்ந்தது. மதியத்துக்குள் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவருடைய கண்டுபிடிப்பு புது விண்ணப்பத்தில் மேற்கோள் காட்டப்படுகிறது என்று. வாக்கியத்தை நான்தான் எழுதினேன்: 'இரு கால்களும் சம நீளமாக இருந்தபோது பலகை முதல் அழுத்தத்தில் தொங்கவில்லை, கீழே விழுந்தது.' யார் காலில் என்று எழுதப் படிவத்தில் இடமில்லை.

மார்ச் 14, வெள்ளி

விண்ணப்பம் பதிவானது. அக்கா கையெழுத்துப் போட இரண்டு பேனாக்களை மாற்றிப் பார்த்தார். முதலாவது எழுதவில்லை. சார் தன் பேனாவைக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு, நவம்பர் 19, வியாழன்

போன வாரம் சான்றிதழ் வந்தது. முதல் பெயர் ஜெபராணி, இரண்டாவது என்னுடையது. சாருடைய சமக்கால் விண்ணப்பம் ஆகஸ்டிலேயே நிராகரிக்கப்பட்டுவிட்டது. அக்காவின் ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டித்தார்கள், அது முடிந்ததும் நீட்டிக்கவில்லை. ஏப்ரலிலிருந்து வாலாஜாபாத் பக்கம் ஒரு கார் சீட் தைக்கும் கம்பெனியில் இருக்கிறார். சான்றிதழின் நகலைக் கூரியரில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாக இன்று அக்காவின் கையெழுத்து வந்தது.